வீட்டு ஒலிப்பதிவு: டேப்பா, டிஜிட்டலா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் ஒலிப்பதிவு பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: வீட்டில் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவிகள் பாடுவதை நல்ல தரத்தில் பதிவு செய்ய ஆசை. தெரிந்தவர் ஒருவர் தன்னிடமுள்ள 4 டிராக் (நான்கு ஒலியைத் தனித்தனியாகப் பதியும்) கேசட் ரெக்கார்டரையும் சின்ன மிக்ஸரையும் சேர்த்து 40,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். "டேப்பில்தான் குரலுக்கு உயிர் இருக்கும், கம்ப்யூட்டரில் தட்டையாகிவிடும்" என்பது அவர் வாதம். உண்மையா? என்னிடம் லேப்டாப் இருக்கிறது.
(வாசகி, எஸ்.எஸ். காலனி, மதுரை)

பதில்: வாங்காதீர்கள். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை உங்கள் வேலைக்கு உதவாது.

முதலில் டேப்பின் நீளத்தைப் பாருங்கள். இந்த ரக ரெக்கார்டர்களில் பல, சாதாரணக் கேசட்டின் வேகமான நொடிக்கு 4.76 செ.மீ. என்பதை விட்டு, இரண்டு மடங்காக 9.5 செ.மீ. வேகத்தில் ஓடும். நான்கு டிராக்கும் ஒரே திசையில் பதிவாவதால் கேசட்டைத் திருப்பிப்போடவும் முடியாது. ஆக, சி-60 கேசட்டில் கிடைப்பது 15 நிமிடம். ஒரு ஆலாபனையும் கீர்த்தனையும் கொஞ்சம் கல்பனை ஸ்வரமும் பாடுவதற்குள் டேப் முடிந்துவிடும்.

அடுத்தது இரைச்சல். டால்பி போன்ற இரைச்சல் குறைப்பு வசதி இல்லாத கேசட்டில், பாட்டின் உச்சத்துக்கும் டேப்பின் 'ஸ்ஸ்' சத்தத்துக்கும் உள்ள இடைவெளி 50, 55 டெசிபல்தான். இன்றைக்குக் கிடைக்கும் எளிய 24 பிட் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) 100 டெசிபலைத் தாண்டுகிறது. கீழ் ஸ்தாயியில் மெதுவாக ஒரு பிடி பிடிக்கும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும். நம் சங்கீதத்தில் அப்படிப்பட்ட இடங்கள்தான் அதிகம்.

மூன்றாவது, பராமரிப்பு. ரப்பர் பெல்ட் நம் ஊர் வெயிலில் இளகி தார் மாதிரி ஆகிவிடும். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையான பின்ச் ரோலர் இறுகிப் பளபளத்துப்போனால் சுருதி ஆடும். டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட் தேய்ந்திருந்தால் மாற்று ஹெட்டைத் தேடி அலைய வேண்டும். சங்கீதப் பதிவில் சுருதி ஆட்டத்தைவிடப் பெரிய குற்றம் வேறில்லை.

'உயிர்' என்று அவர் சொல்வது என்ன? டேப்பில் சத்தம் கூடும்போது அது சட்டென்று முறியாது. உச்சங்கள் மெல்ல அமுங்கும், மூன்றாவது ஹார்மோனிக் கொஞ்சம் சேரும், கூரான ஒலிகள் மழுங்கும். காதுக்கு அது இதமாக இருக்கிறது. டிஜிட்டலில் பூஜ்யம் என்ற கோட்டைத் தாண்டினால் அலையின் தலை வெட்டப்பட்டு 'கரகர' என்று கேட்கும், அவ்வளவுதான். டேப்பில் பழகியவர்கள் இரைச்சலுக்குப் பயந்து ஊசியைச் சிவப்புக் கோடுவரை ஏற்றுவார்கள். அதே பழக்கத்தில் இன்டர்ஃபேஸையும் ஏற்றினால் கெட்டுப்போகிறது. பிறகு 'டிஜிட்டல் கடூரம்' என்ற பெயர். தட்டையாக ஒலிப்பதற்கு மற்ற காரணம் அறை: நான்கு பக்கமும் சிமென்ட் சுவர், மொசைக் தரை, அதில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தூக்கிக்கொடுக்கும் மலிவான கண்டென்சர் மைக் (சின்னச் சத்தத்தையும் எடுக்கும் ரகம்). டேப்பில் பதிந்தாலும் அந்த அறை அப்படித்தான் கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. மைக், அதன் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீ-ஆம்ப், கடைசியில் ஸ்பீக்கர் மூன்றும் எப்போதுமே அனலாக்தான். பணத்தைப் போட வேண்டிய அனலாக் மைக்கும் அறையும். பதிவாகும் இடம் டிஜிட்டலாக இருக்கட்டும்.

கையிலுள்ள 40,000 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்: மைக்குக்கு 12 முதல் 15 ஆயிரம், இரண்டு மைக் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸுக்கு 10 முதல் 12 ஆயிரம், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனுக்கு 5 ஆயிரம், ஸ்டாண்ட், எக்ஸ்.எல்.ஆர். கேபிள், பாப் ஃபில்டருக்கு 3 ஆயிரம், மீதி அறைக்கு. மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம். பல டிராக் வைத்து வேலை செய்ய ரீப்பர் வசதி.

மைக் வாங்குமுன் அறையில் கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்காருங்கள். தெருவில் ஷேர் ஆட்டோவும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் தெளிவாகக் கேட்டால் சுற்றுச் சத்தத்தை அதிகம் எடுக்காத, ஷ்யூர் எஸ்.எம். 58 போன்ற டைனமிக் மைக்தான் சரி. வாயிலிருந்து 10, 15 செ.மீ. தள்ளி வைக்கலாம். அறை அமைதியாக இருந்தால் பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக் வாங்கி 25, 30 செ.மீ.யில் வையுங்கள். டைனமிக் மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகக் குறைவு. இன்டர்ஃபேஸில் 55 டெசிபலுக்குக் குறையாத கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் தேவை. அதைப் போட்ட பிறகு கேபிளைப் பிடுங்கிச் சொருகாதீர்கள்.

பாடுபவர் தரையில் உட்கார்ந்தால் கீழே கனமான ஜமக்காளம் விரியுங்கள். வெறும் தரையில் பட்டுத் திரும்பும் ஒலி மைக்கில் சேர்ந்து குரலை 'டப்பா'வுக்குள் போட்ட மாதிரி ஆக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்து வாயை நோக்கிச் சாய்த்தால் 'ப', 'ஃப' காற்று நேரே அடிக்காது.

லெவல் வைக்கும் முறை: தார ஸ்தாயி பஞ்சமத்தைப் பிடித்து முழு வாயால் பாடச் சொல்லுங்கள். அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட வேண்டும். அதோடு கெயினை விட்டுவிடுங்கள். கீழ் ஸ்தாயியில் மீட்டர் மைனஸ் 35-க்கு இறங்கினாலும் கவலை வேண்டாம், 24 பிட்டில் அதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

சுருதிப் பெட்டியை அறையில் ஓடவிடாதீர்கள். ஹெட்ஃபோனில் மட்டும் கொடுங்கள், தனி டிராக்காகப் பிறகு சேர்க்கலாம். மைக்கில் சுருதி கசிந்துவிட்டால், தப்பிய ஒரு வரியை வெட்டி மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் தம்பூரா 'டக்' என்று தாவும்.

பாடுபவருக்குத் தன் குரல் தாமதமாகக் கேட்டால் லயம் போய்விடும். இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இருந்தால் அதைப் போடுங்கள். குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வரும். அது இல்லாவிட்டால் பதிவின்போது மென்பொருளில் பஃபரை (ஒலியைச் சேர்த்துவைக்கும் அளவு) 128 என்று வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட். போகவர இரண்டு மடங்கும் அதற்கு மேல் கொஞ்சமும் ஆகும், பாடுவதற்குப் பாதகமில்லை. மிக்ஸிங்கின்போது 1024-க்கு ஏற்றிவிட்டால் லேப்டாப் திணறாது.

கேள்வி: 192 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் டேப் அளவுக்கு 'அனலாக்' ஆகிவிடுமா?
(வாசகர், விளாங்குடி)

பதில்: ஆகாது. ஹார்ட் டிஸ்க்தான் நிரம்பும். 48 கிலோஹெர்ட்ஸில் 24,000 ஹெர்ட்ஸ் வரை பதிவாகிறது. மனிதக் காது 20,000-ஐத் தாண்டுவதில்லை, நாற்பது வயதுக்கு மேல் 15,000 கேட்டாலே பெரிது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக்குக்கு நிமிடத்துக்கு 8.6 எம்.பி. ஆகும். 192-ல் அதுவே நான்கு மடங்கு.

கேள்வி: எங்கள் ஊர்ப் பறைக்குழுவுக்காக 12 சேனல் யூ.எஸ்.பி. மிக்ஸர் வாங்கினோம். ஆறு மைக் போட்டோம். கம்ப்யூட்டரில் பார்த்தால் இரண்டே டிராக்தான் வருகிறது. பாட்டு தனியாக, பறை தனியாகப் பிரிக்க முடியவில்லை. மிக்ஸர் பழுதா?
(வாசகர்கள், உசிலம்பட்டி)

பதில்: பழுதில்லை. சந்தையில் உள்ள யூ.எஸ்.பி. மிக்ஸர்களில் பெரும்பாலானவை கடைசியாகக் கலந்து வரும் இடது, வலது இரண்டை மட்டுமே கம்ப்யூட்டருக்கு அனுப்பும். '12 சேனல்' என்பது உள்ளே எத்தனை சொருகலாம் என்ற கணக்கு. வெளியே தனித்தனியாக வருவதற்கு 'மல்டி-டிராக் யூ.எஸ்.பி.' என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். கடையில் வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். லேப்டாப்பைக் கொண்டுபோய்ச் சொருகி, மென்பொருளில் எத்தனை இன்புட் பட்டியலில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இருப்பதை வைத்து இப்போதைக்கு ஒரு வழி. பாடுபவர் மைக்கின் 'பேன்' திருகை முழுக்க இடதுபுறம், பறை மைக்குகள் எல்லாவற்றையும் முழுக்க வலதுபுறம் திருப்புங்கள். இரண்டு டிராக்கில் ஒன்று குரல், ஒன்று பறை என்று பிரிந்துவிடும். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். ஸ்டீரியோ போய்விடும், போகட்டும், குரல் கேட்காத ஸ்டீரியோவைவிடக் குரல் கேட்கும் மோனோ மேல்.

மிக்ஸரில் ஒவ்வொரு சேனலுக்கும் 'இன்சர்ட்' துளை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பல மிக்ஸர்களில் சாதாரண மோனோ ஜாக்கை அதில் பாதிவரை, முதல் 'கிளிக்' கேட்கும்வரை மட்டும் செருகினால், ப்ரீ-ஆம்ப் தாண்டிய ஒலி தனியாக வெளியே வரும், மிக்ஸரில் சத்தமும் அறுபடாது. அப்படி ஆறு கேபிள் எடுத்து 8 லைன் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸுக்குக் கொடுக்கலாம். ஆனால் பாதி செருகிய ஜாக் ஆட்டத்தில் கழன்றுவிடும். கேபிளை மிக்ஸரோடு துணியால் கட்டிவையுங்கள்.

பறைக்கு ஒரு சொல். அடியின் உச்சம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போய்விடும், மீட்டர் முழுக்கக் காட்டாது. பீக் (உச்ச அளவு) மைனஸ் 15 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். தீயில் காய்ச்சிய தோல் நேரமாக ஆகத் தளரும். முதல் டேக்கும் ஐந்தாவது டேக்கும் ஒன்றாக ஒட்டாது என்பதால், வெட்டி ஒட்டும் எண்ணமிருந்தால் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் காய்ச்சுங்கள்.

கேள்வி: நாயனத்தின் அணசுக்குள்ளேயே (விரிந்த கீழ்முனை) மைக்கைக் கட்டிப் பதிவு செய்தோம். சில ஸ்வரம் காதைக் கிழிக்கிறது, சில ஸ்வரம் உள்ளே அமுங்குகிறது. நல்ல மைக் வாங்க வேண்டுமா?
(வாசகர், சோழவந்தான்)

பதில்: மைக் மேல் பழி இல்லை, இடம்தான் தப்பு. எல்லா விரல் துளையும் மூடியிருக்கும்போது ஒலி அணசு வழியாக வருகிறது. மேலே போகப்போகத் திறந்த துளைகள் வழியாகவும் வெளியேறுகிறது. அணசுக்குள் இருக்கும் மைக்குக்குப் பாதிக் கதைதான் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி, கீழ்த்துளைகளுக்கும் அணசுக்கும் நடுவே குறிவைத்து, நேர்க்கோட்டிலிருந்து கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். டைனமிக் மைக் போதும். கண்டென்சர் என்றால் அதிலுள்ள, ஒலியைத் தணிக்கும் மைனஸ் 10 பேட் ஸ்விட்சைப் போடுங்கள். மைக்கே திணறிவிட்டால் இன்டர்ஃபேஸில் கெயினைக் குறைத்துப் பயனில்லை. இப்போது வரும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களுக்கும் இதே கதிதான்: அவை தங்களுக்குள் கிளிப் ஆகாதே (உச்சம் வெட்டுப்படாதே) தவிர, மைக்கில் உடைந்ததை ஒட்டவைக்க முடியாது.

தவிலுக்கு இரண்டு மைக்: கழி விழும் தொப்பிப் பக்கம் ஒன்று, கூடு போட்ட விரல் விழும் வலந்தலைப் பக்கம் ஒன்று, இரண்டும் 30 செ.மீ.யில். மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது ஒரு மைக்குக்கும் இன்னொரு மைக்குக்கும் இடையே இருப்பது நல்லது. ஒரு மீட்டர் தள்ளிய நாயன மைக்கைப் பத்துக்குப் பத்து அறையில் அப்படி வைக்க இடம் ஏது? அறையில் நாயனமும் தவிலும் சேர்ந்து வாசித்தால் எல்லா மைக்கிலும் எல்லாமே விழும். இவை வெளிக்காற்றில் வாசிக்கப் பிறந்த வாத்தியங்கள். முகூர்த்தமில்லாத நாளில் ஒரு சின்ன மண்டபத்தைக் கேட்டுப்பாருங்கள். தாளம் போடுபவரை மூன்று மீட்டர் தள்ளி உட்காரவையுங்கள், இல்லையென்றால் பதிவு முழுக்கத் தாளம்தான் கேட்கும்.

கேள்வி: இன்டர்ஃபேஸ் வாங்கிய நாளிலிருந்து 'ம்ம்' என்று ஒரு சத்தம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. மைக்கின் இரும்புப் பாகத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது. இதற்குத்தான் அனலாக் மேல் என்கிறார்களா?
(வாசகர், வில்லாபுரம்)

பதில்: இது அனலாக், டிஜிட்டல் சண்டை இல்லை. எர்த் இல்லை. சுருக்கென்பதை அலட்சியம் செய்யாதீர்கள், இன்றைக்கே கவனியுங்கள்.

சார்ஜர், அடாப்டர்களுக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் கசிவு எர்த் கம்பி வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். மூன்று பின் சாக்கெட்டின் பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லையென்றால், அந்தக் கசிவு கருவியின் உலோக உடம்பில் தேங்கும். மின் அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி, 100 வோல்ட்டுக்கு மேல்கூட மல்டிமீட்டர் காட்டும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு நிற்கிறது. ஆனால் வேறொரு கருவியில் இன்சுலேஷன் போனால் அதே கம்பியில்லாத சாக்கெட் ஆளைக் காப்பாற்றாது.

எலக்ட்ரீஷியனை வைத்து சாக்கெட்டில் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 40, 50 என்று காட்டினால் எர்த் குழி காய்ந்திருக்கலாம், கம்பி அரித்திருக்கலாம். சித்திரை, வைகாசியில் மண் வறண்டால் நல்ல எர்த்தும் கெடும். குழியில் தண்ணீர் ஊற்றி மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

எர்த் சரியான பிறகும் 'ம்ம்' இருந்தால் அது எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் சேர்ந்து சுற்றாவது. லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகுங்கள். ஸ்பீக்கருக்கு இரண்டு வளையம் போட்ட டி.ஆர்.எஸ். ஜாக் கேபிள் அல்லது எக்ஸ்.எல்.ஆர். போடுங்கள். லூப்பை ஒழிக்கிறேன் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் யோசனையைக் காதில் வாங்காதீர்கள்.

சத்தத்தின் குணத்தைக் கேட்டாலே பாதி நோய் பிடிபடும். மொத்தையான 'ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ்: எர்த், அல்லது டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் மைக் கேபிள். ரம்பம் அறுக்கிற 'ஸ்ர்ர்' என்றால் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் அல்லது டிம்மர். ஃபேனை நிறுத்துங்கள், அல்லது முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். மௌஸை நகர்த்தும்போது கீச்சிட்டால் யூ.எஸ்.பி. வழியாக வருகிறது, வேறு போர்ட்டில் சொருகுங்கள். 'டிக்டிக்டிக்' என்று விட்டுவிட்டு வந்தால் மேஜையில் இருக்கும் செல்போன். கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர். அந்த நேரத்தில் லேப்டாப் பேட்டரியில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: பக்கத்துக் கட்டடத்தில் விசைத்தறி ஓடுகிறது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் நிற்குமா?
(வாசகர், செல்லூர்)

பதில்: நிற்காது. முட்டை அட்டை அறைக்குள் எழும் கூரான எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும்; வெளிச்சத்தத்தைத் தடுக்க அதில் எடையே இல்லை. தீப்பிடித்தால் குப்பென்று எரியும் என்பது வேறு. தறி அதிர்வு சுவரும் தரையும் வழியாக வருவதால் ஃபோம் ஒட்டினாலும் இதே கதைதான்.

தறி நிற்கும் நேரம் பார்த்துப் பதிவு செய்வதுதான் முதல் மருந்து. அது முடியாதபோது டைனமிக் மைக்கை வாயிலிருந்து ஐந்தாறு செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். மைக்கின் முதுகு தறிச் சுவரைப் பார்க்கட்டும்; கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் செவிடு. ஸ்டாண்டின் காலடியில் பழைய மெத்தையை மடித்துப் போடுங்கள். மென்பொருளில் ஆண் குரலுக்கு 80, பெண் குரலுக்கு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம்.

அறையின் எதிரொலிக்கு: 2 அடிக்கு 4 அடி மரச்சட்டம், உள்ளே 2 அங்குல ராக்வூல் (ஒலி உறிஞ்சும் பாறை இழைப் பஞ்சு), மேலே வாயால் ஊதினால் காற்று புகும் பருத்தித் துணி. பழைய சுங்குடிச் சேலை இதற்கு அருமையாக உதவும். ரெக்சின் போட்டால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். சுவரோடு ஒட்டாமல் 2 அங்குலம் இடைவெளி விட்டு மாட்டினால் இன்னும் கீழ் ஒலிகளையும் உறிஞ்சும். ராக்வூலைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். நாலைந்து சட்டத்துக்குத்தான் பணம் என்றால் அவற்றைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள், மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். அதற்கும் பணமில்லையா? போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தை வீட்டில் இருந்தால் அதைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள்.

கேள்வி: டியூப் ப்ரீ-ஆம்ப் வாங்கி இன்டர்ஃபேஸுக்கு முன்னால் போட்டால் குரல் கனக்குமா?
(வாசகர், திருநகர்)

பதில்: மலிவான டியூப் ப்ரீ-ஆம்ப்களில் பலவற்றில் டியூபுக்கு வேண்டிய உயர் மின்அழுத்தமே கொடுப்பதில்லை, உள்ளே விளக்கு எரியும், அழகாக இருக்கும். அந்தக் காசில் மைக்கை மாற்றுங்கள். மைக்கை இரண்டு அங்குலம் வாய்க்கு அருகே கொண்டுவந்தாலே குரல் கனக்கும், அதற்குக் காசே வேண்டாம்.

கேள்வி: தாத்தா ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட். அவர் பாடியது வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்த பதினைந்து கேசட் இருக்கிறது. கடையில் கொடுத்தோம், எம்பி3 ஆக்கித் தந்தார்கள். ஆர்மோனியம் கட்டை மாறி ஒலிக்கிறது, குரல் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. நாங்களே செய்ய முடியுமா?
(வாசகி, மேலூர்)

பதில்: செய்யலாம், செய்ய வேண்டும். பழைய டேப்பை ஓட்டும் வேலைக்குத்தான் இன்றைக்கு ஒரு வீட்டில் அனலாக் கருவி உண்மையிலேயே தேவை. கேசட்டில் பதிந்திருப்பதை எடுக்க நல்ல டெக் ஒன்றைத் தவிர வேறு வழி கிடையாது.

யூ.எஸ்.பி. வைத்த கையடக்க பிளேயர்களைத் தவிருங்கள். பழைய பெரிய டெக் ஒன்றைத் தேடுங்கள். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பழுது பார்ப்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். பெல்ட் புதிதாக மாற்றியதா, முன்னே பின்னே ஓட்டும்போது இழுபடாமல் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முதலில் சுத்தம். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, ஹெட்டையும் பக்கத்திலுள்ள இரும்புத் தண்டையும் பழுப்பு நிறம் போகும்வரை துடையுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைக் கடைசியில் ஓட்டுங்கள், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஹெட்டை மறுபடி துடையுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கேசட்டின் நடுவில் டேப்பை அழுத்தும் ஃபெல்ட் துண்டு விழுந்திருந்தால், திருகு போட்ட புதுக் கூட்டுக்குள் டேப்பை மாற்ற வேண்டும். அறுந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள்; வெயிலில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

கம்பளிச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வு. பதிவு செய்த ரெக்கார்டரின் ஹெட் ஒரு கோணத்தில் இருந்திருக்கும், ஓட்டும் டெக்கின் ஹெட் வேறு கோணத்தில் இருக்கும். கோணம் துளி மாறினாலும் மேல் ஒலிகள் முழுக்கப் போய்விடும். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்த திருகு ஒன்று இருக்கும். அதன் பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, டெக்கை ஓடவிட்டு, இடது வலது இரண்டையும் மோனோவாகக் கலந்து ஹெட்ஃபோனில் கேட்டபடி கால் சுற்றுக்குள் மெதுவாகத் திருப்புங்கள். ஜால்ராவின் 'ச்சிங்'கும் வசனத்தில் வரும் 'ச', 'ஸ'வும் ஓரிடத்தில் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இது மாறும், பதினைந்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கடைக்காரர் இதற்கு நேரம் செலவழித்திருக்க மாட்டார்.

டால்பி ஸ்விட்சை அணைத்துவையுங்கள். வீட்டு ரெக்கார்டரில் டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டினால் இன்னும் மங்கும்.

டெக்கின் 'லைன் அவுட்'டிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்குக் கேபிள். ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுக்காதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், டபிள்யூ.ஏ.வி. கோப்பு, பீக் மைனஸ் 6. ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐ.ஏ.எஸ்.ஏ. சொல்லும் குறைந்தபட்சத் தரமும் இதே 24 பிட், 48தான். சி-60 ஒன்று முழுக்க ஸ்டீரியோவில் எடுத்தால் 1 ஜி.பி.யைக் கொஞ்சம் தாண்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும்.

இனி கட்டை. 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். தாத்தா எத்தனை கட்டையில் பாடுவார் என்று அவரோடு வாசித்த ஆர்மோனியக்காரர் யாராவது இருந்தால் கேளுங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்படி ஒருவரும் இல்லையென்றால் டேப்பிலேயே ஒரு சாட்சி ஒளிந்திருக்கலாம். கரண்டில் ஓடிய ரெக்கார்டரில் பதியும்போது 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்' மெல்லிதாகப் பதிந்திருக்கும். ஆடாசிட்டியில் பேச்சில்லாத இடத்தைத் தேர்ந்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். 53-ல் ஒரு முனை தெரிந்தால் டேப் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. சரியாக 50-ல் தெரிந்தால் உடனே நம்பிவிடாதீர்கள், அது உங்கள் டெக்கின் சொந்த 'ம்ம்'மாக இருக்கலாம். டேப்பை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்து உறுதி செய்யுங்கள். அந்தக் காலத்தில் நம் மின்சாரம் 50-லேயே நின்றதில்லை, ஒன்றரை ஹெர்ட்ஸ் அங்கே இங்கே ஆடும். ஆகையால் இது கிட்டத்தட்டக் காட்டும், கடைசித் திருத்தம் காதில்தான். பேட்டரி போட்டுப் பதிந்ததென்றால் இந்த வழி உதவாது. பேட்டரி இறங்க இறங்க ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கும், பக்கத்தின் கடைசியில் சுருதி ஏறிக்கொண்டே போகும்.

எடுத்த மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். இரைச்சல் நீக்குவதெல்லாம் நகலில். ஆறேழு டெசிபலோடு நிறுத்துங்கள், பேராசைப்பட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். பதினைந்தும் முடிந்ததும் மூலக் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். கேசட்டின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதியாது. மாடி அறை பீரோ வேண்டாம். கோடையில் அங்கே அடிக்கும் சூட்டில் ஒரு சுற்றின் பதிவு அடுத்த சுற்றில் ஏறி, பாட்டு தொடங்குமுன்பே அதன் நிழல் கேட்கும்.

கேள்வி: செல்போனிலேயே பதிந்தால் போதாதா?
(வாசகர், அலங்காநல்லூர்)

பதில்: பாட்டு மறந்துபோகாமல் இருக்கப் போதும். ரெக்கார்டர் செயலியில் தானாக லெவல் மாற்றும் வசதியை அணைத்து, டபிள்யூ.ஏ.வி.யில் பதியுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் துண்டின் மேல் வையுங்கள், ஏர்பிளேன் மோடில்.